பக்கத்தால் கிண்டியவர்

விசுவமடுச் சந்தையில் கத்தரிக்கன்று விற்ற அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். ஆண்களின் நீளக்கைச் சட்டை போட்டிருந்தார். கன்றைக் கிளப்பும்போது மேலிருந்து குத்தாமல், ஒரு சிறு கரண்டியால் பக்கத்திலிருந்து மண்ணை மெல்லச் சுரண்டினார்.

எங்கள் முதல் வீட்டுத்தோட்டத்துக்குப் பத்துக் கன்று கேட்டேன்.

“பாத்தி கட்டியாச்சோ அண்ணை?”

“இல்லை, உரப்பையிலைதான் வைக்கப்போறன்.”

“அரை ஏக்கர் வளவு சும்மா கிடக்கு அக்கா. அப்பா மண்வெட்டியைத் தொட விடமாட்டார்” என்று கூட வந்த மகள் என்னைக் காட்டிக்கொடுத்தாள்.

கண்ணிவெடி அகற்றிய காணி என்று கடிதம் தந்துதான் எங்களைக் குடியேற்றினார்கள். என்றாலும் பிள்ளை மண்ணைக் கிண்டினால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை.

“நான் ஏழு வருசம் கண்ணிவெடி எடுத்தனான். இப்பவும் என்ரை வளவிலை முதல் பாத்தியை முழங்காலிலை இருந்துதான் கிண்டுவன். மிதிவெடி மேலை அழுத்தினாத்தான் வெடிக்கும்; நீங்களும் இப்பிடிப் பக்கத்தாலை கிண்டுங்கோ. மூண்டு நாள் போனாப் போகட்டும். கத்தரிக்கு என்ன அவசரம்?”

கரண்டியையும் கன்றுகளோடு சுற்றித் தந்தார்.

முதல் பாத்திக்கு எனக்கு நான்கு நாள் பிடித்தது. இரண்டாவது பாத்தியை மகள் மண்வெட்டியால் ஒரு மணித்தியாலத்தில் வெட்டினாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

கரண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் அங்கே இல்லை. ஏழு வருடம் மண்ணுக்குப் பயந்தவர் ஏன் திரும்பவும் மண்ணிடமே வந்தார் என்று கேட்க நினைத்திருந்தேன். கத்தரி பூக்கத் தொடங்கிய பிறகு, அது எனக்குக் கொஞ்சம் விளங்குகிறது.