பிடிக்கும் என்று ஐந்து தரம்

ஸ்பானிய மொழியின் ஆரம்ப வகுப்பில் எனக்குச் சொற்கள் சிக்கலாக இருக்கவில்லை. 'மே குஸ்தா' என்றால் எனக்குப் பிடிக்கும். முன்னால் ஒரு 'நோ' போட்டால் பிடிக்காது. முதல் நாளே பாடமாக்கிவிட்டேன். பிடித்தவை, பிடிக்காதவை என்று பத்து வசனம் எழுதி வாசிக்கச் சொன்னபோதுதான் அகப்பட்டேன். நான் எழுதிய பத்தும் 'நோ'வில் தொடங்கின. பஸ்ஸில் நின்றுகொண்டு போவது பிடிக்காது. பாகற்காய் பிடிக்காது. கடல் பிடிக்காது.

தொலைபேசித் திரையில் என்னையும் சேர்த்து ஏழு பேர், ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாடு. எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியை மட்டும் சிரிக்காமல், உங்களுக்குப் பிடித்தது ஒன்றுமே இல்லையா என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை வாய்மொழிப் பரீட்சை. பிடித்தவை ஐந்தைக் காரணத்தோடு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மற்ற ஆறு பேரும் அடுத்த நிலைக்குப் போய்விடுவார்கள், நான் நின்றுவிடுவேன்.

எனக்கு அது சின்ன விடயம் அல்ல. கூடப் படித்தவர்கள் எல்லோரும் வெளிநாடு போய்விட்டார்கள். நெல்லியடியில் கந்தோர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், "சாப்பிட்டியோ?" "ஓம்" என்பதோடு கதை முடிந்துவிடும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன்தான். சிறுவயதில் அப்பா மீன்பிடி வள்ளத்தில் ஏற்றிப் போனபோது வாந்தி எடுத்தே மயங்கிப் போனேன். உவன் கடலுக்குச் சரிவரான் என்று படிக்க விட்டார்கள். படித்ததைப் பற்றி அங்கே எவரும் கேட்டதில்லை. கிழமையில் ஒரு மணித்தியாலம், சனிக்கிழமை பின்னேரம், அந்தத் தொலைபேசிக்குள் இருந்துதான் என்னிடம் கேள்விகள் வந்தன.

ஆனால் பிடிக்கும் என்று வாய்விட்டுச் சொல்ல எங்கள் கடற்கரையில் பழக்கமில்லை. வள்ளம் நிறைய மீனோடு வந்தாலும், என்ன மாதிரி என்று கேட்டால், "ஏதோ கொஞ்சம் பட்டது" என்பார் அப்பா. அக்காவின் பிள்ளையை யாரும் வடிவு என்று சொல்லக்கூடாது. சொன்னால் கண்ணூறு பட்டுவிடும். அடுத்த நாள் வலை வெறுமையாக வரும், பிள்ளைக்குக் காய்ச்சல் பிடிக்கும். நான் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட அன்றும், கரையில் நின்றவர்களிடம் அப்பா, "ஏதோ பாஸாம்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அந்தக் கிழமை முழுக்கப் பிடித்ததைத் தேடினேன். கந்தோரில் புதுக் கோப்பைத் திறக்கும்போது வரும் மட்டை மணம். மழைக்கு பஸ் யன்னல்களை இழுத்து அடைத்த பிறகு உள்ளே வரும் அமைதி. மத்தியானத்தில் பால் விடாத பிளேன்ரீ. சந்தியில் என்னைக் கண்டதும் எழும்பி வரும் நாய். நாலோடு நின்றுவிட்டது.

சனிக்கிழமை, சிக்னல் கிடைக்கும் இடமென்று கரையில் கவிழ்த்திருந்த வள்ளத்தில் ஏறி இருந்தேன். அடுத்த வள்ளத்தில் அப்பா எஞ்சின் துடைத்துக்கொண்டிருந்தார். அவரோடு கடலுக்குப் போகும் அண்ணை ஒருவர் மட்டையில் 'ஸ்பானிஷ்' என்று எழுதியிருந்த என் கொப்பியை எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, ஸ்பெயினுக்கோ? ஏஜென்சிக்காரனைப் பிடிச்சாச்சோ?"

"இல்லை அண்ணை, சும்மா படிக்கிறன்."

"சும்மா பாசை படிக்க ஆருக்கடா விசர்? போகேக்கை எங்களுக்கும் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போ."

அவர் சிரித்துக்கொண்டு போனார். வகுப்பு தொடங்கியது. நாலையும் சொல்லி முடித்தேன். நாய்க்கு எல்லோரும் கை தட்டினார்கள். ஐந்தாவது, என்றார் ஆசிரியை. நான் ஒருமுறை சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டேன். இந்த வகுப்பு எனக்குப் பிடிக்கும், நீங்கள் என்னைக் கேட்கிறீர்கள் என்பதால், என்றேன். யாரும் கை தட்டவில்லை. அடுத்த நிலையில் சந்திப்போம் என்றார் ஆசிரியை. திரை கறுத்தது.

"திருப்பித் திருப்பி ஒண்டையே சொன்னாய். என்னது?" அப்பா எஞ்சினைப் பார்த்தபடி கேட்டார்.

"எனக்குப் பிடிக்கும் எண்டு சொன்னனான்."

"எது?"

"இந்தப் படிப்பும்... வேறை கொஞ்சமும்."

"எத்தினை தரம் சொன்னனி?"

"அஞ்சு."

துணியை வைத்துவிட்டு வந்தார். வள்ளத்தால் இறங்கச் சொன்னார். என் காலடியில் மண்ணை ஒரு பிடி அள்ளி, தலையை மூன்று தரம் சுற்றிக் கடலை நோக்கி எறிந்தார். பாதி காற்றில் திரும்பி எங்கள் இரண்டு பேர் மேலும் விழுந்தது.

"இனி வெளியாலை சொல்லாதை" என்றார்.

எஞ்சினுக்குத் திரும்பிவிட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. மற்ற நாலும் என்னவென்று கேட்பார் என்று, சட்டைக் கழுத்துக்குள் மண் கரகரக்க, கொஞ்ச நேரம் அந்த இடத்திலேயே நின்றேன்.