தானாக நின்ற சைக்கிள்

சொந்தமாகப் படம் எடுத்துப் பிழைப்பவன் நான். போன வருடம் யான் என்ற ஊரில், மலையடிவாரத்தில் நடந்த சைக்கிள் விழாவுக்கு ஒரு கடைக்காரர் கூப்பிட்டிருந்தார். மலையேறும் புது சைக்கிள்களை விளம்பரத்துக்குப் படம் எடுக்க வேண்டும். அவற்றுக்கு ஸ்டாண்டு கிடையாது. யாராவது பின்னாலிருந்து பிடித்துக்கொள்வார்கள். பிறகு கணினியில் அந்த ஆளை அழித்துவிடுவோம்.

அன்று சைக்கிளைப் பிடித்தவர் பாலிங் என்ற ஊரிலிருந்து வந்த ஓர் அக்கா. பெண்கள் போட்டியில் பாதி வழியிலேயே செயின் அறுந்து, தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர். முழங்கால் வரை சேறு. நான் கேட்டதும் ஓடிவந்தார்.

“தம்பி, படத்துல நானும் வருவேன்தானே? மகன்கிட்ட காட்டணும்லா.”

“வருவீங்கக்கா.”

உண்மையைச் சொன்னால் விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்ற பயம் எனக்கு. அவரோ முடியை ஒதுக்கிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாள் அந்தச் சிரிப்பை அழித்தேன். சீட்டைப் பிடித்திருந்த விரல்களையும் அழித்தேன். அடுத்த வேலைக்காக மெமரி கார்டையும் காலி செய்துவிட்டேன்.

விளம்பரம் வெளியானதும் அக்காவிடமிருந்து குரல் செய்தி வந்தது. திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“படம் அழகா இருக்கு தம்பி. நான்தான் பிடிச்சேன்னு சொன்னா மகன் நம்ப மாட்டேங்கிறான். சைக்கிள் தானாத்தானே நிக்குதுங்கிறான். நீங்க அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

இப்போதெல்லாம் சைக்கிளைப் பிடிக்க வருபவரை முதலில் தனியாக ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். அக்காவின் செய்திக்கு மட்டும் இன்னும் பதில் போடவில்லை.