மூணு நூல் துடிப்பு

செவ்வாய்ப்பேட்டையில வெள்ளியங்கிரி மாதிரி தலைக்கனம் பிடிச்ச மெக்கானிக் எவனும் கிடையாது. கெட்டிக்காரன்தான், யாரு இல்லைங்கறா? அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் ஒரு குடும்பத்தை நடுத்தெருவுல நிறுத்துச்சு.

எண்பத்தேழாம் வருஷம். சேலை வியாபாரி கைலாசம் கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒண்ணைத் தள்ளிக்கிட்டு வந்தார். விசைத்தறியில இடது கை விரல் ரெண்டைக் கொடுத்த மனுஷன். கிளட்ச் பிடிச்சுக் கியர் திருக முடியாது. ஊர் ஊராப் போய்ச் சேலை வித்தாத்தான் வீட்டுல உலை கொதிக்கும். அதுக்கு இந்த வண்டியை விட்டா வேற வழியில்லை.

"வேகம் முப்பத்தஞ்சைத் தொட்டா வண்டியே உதறுதுங்க தம்பி."

வெள்ளியங்கிரி மூடியைக் கழட்டி, ஸ்டாண்டு போட்டு, இன்ஜின்ல இருந்து பின்சக்கரத்தைச் சுத்த வைக்கற பெல்ட்டுக்கு மேல ஒரு திருகாணியை நிறுத்தினான். வேகத்தைக் கூட்டக் கூட்ட, பெல்ட் எவ்வளவு தூரம் எம்பி அதைத் தட்டுதுன்னு அளந்தான். ஒரு நூல்னா அரைக்கால் அங்குலம். இருபதுல அரை நூல். முப்பத்தஞ்சுல மூணு நூல். நாப்பத்தஞ்சுல மறுபடியும் அரை நூல்.

"பெல்ட்டுக்குன்னு ஒரு ஆட்டம் இருக்குதுங்க. அது ஓடற முன் தட்டு தேஞ்சு போய், சுத்துக்குச் சுத்து அதை உதைக்குது. முப்பத்தஞ்சுல உதையும் ஆட்டமும் ஒண்ணு சேர்ந்துக்குது. தட்டு மெட்ராஸ்ல இருந்து வரோணும், பதினஞ்சு நாளாகும்."

"ஐயையோ, நாளைக்கு வாழப்பாடி போயே தீரணுமுங்க!"

அங்கதான் புத்தி கெட்டுச்சு. வெள்ளியங்கிரியோட அப்பன் ரைஸ்மில்லுல வேலை பார்த்தவர். அங்க பெல்ட் வழுக்கி உதறினா குங்கிலியப் பிசின் பொடியைத் தூவுவாங்க, கப்புன்னு பிடிச்சுக்கும். இவனும் தூவினான். திரும்ப அளந்தான். முப்பத்தஞ்சுலயும் அரை நூல்தான்! "கவலையில்லாமப் போங்க"ன்னு அனுப்பி வெச்சான்.

அட பாவி, மில்லு பெல்ட் ஒரே இடத்துல சுத்தறது. இந்த பெல்ட் ரெண்டு தட்டுக்கும் நடுவுல வழுக்கி ஏறி இறங்கணும், அதுதானே இந்த வண்டிக்குக் கியர்? அதுவும் பின்சக்கரம் அந்தரத்துல சும்மா சுத்தறப்ப அளந்தா ஆள் ஏறின கணக்கு எப்படி வரும்?

மறுநாள் வாழப்பாடி ரோட்டுல, ஒட்டிக்கிட்டு வழுக்க முடியாம பெல்ட் அறுந்து, துண்டு தட்டுக்குள்ள சிக்கி, பின்சக்கரம் பூட்டிக்கிச்சு. பின்னால வந்த லாரிக்காரனால நிறுத்த முடியலை. கைலாசம் அங்கயே போய்ச் சேர்ந்தார்.

போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல கிடந்த வண்டியை வெள்ளியங்கிரி திறந்து பார்த்தான். குங்கிலியம் சூட்டுல உருகித் தட்டு பூராவும் பிசினா ஒட்டியிருந்துச்சு. தான் தூவின பொடிதான் காரணம்னு அவனுக்குப் புரிஞ்சு போச்சு. போலீஸ்காரங்க பெல்ட்டைப் பார்க்கவே இல்லை. கை ஊனமானவர் தடுமாறி விழுந்தார்னு எழுதி முடிச்சிருந்தாங்க.

துக்கம் கேக்கப் போன வீட்டுலயும் அதே பேச்சுதான். "விரல் இல்லாதவனுக்கு வண்டி எதுக்கு?"ன்னு சொந்தக்காரனே பேசினான். கைலாசத்தோட சம்சாரம் கந்தம்மாள் தலை நிமிராம உக்காந்திருந்தாங்க.

வெள்ளியங்கிரி அவங்க முன்னால போய் நின்னு, எல்லார் காதுலயும் விழ, பொடி தூவினதுல இருந்து ஒண்ணு விடாமச் சொன்னான்.

"அப்ப அவரு சரியாத்தான் ஓட்டுனாருங்களா?"

"சரியாத்தான் ஓட்டுனாருங்க, அக்கா. தப்பு என்னுதுங்க."

அதுவரைக்கும் அழாத பொம்பளை அப்பத்தான் வாய் விட்டு அழுதாங்க. அப்புறம் முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "இதை ஸ்டேஷன்ல போய்ச் சொல்லுங்க. அப்புறம் இந்த வாசப்படி மிதிக்காதீங்க"ன்னாங்க.

வெள்ளியங்கிரி நேரா ஸ்டேஷனுக்குத்தான் போனான்.