புதாற்றங்கரைக் கட்டடத்தில் எங்கள் வாய்க்கால்

தஞ்சாவூரில் புதாறு என்கிற கல்லணைக் கால்வாயின் கரையில் இருக்கும் அந்தப் பழைய செங்கல் கட்டடத்துக்கு நான் போனது அது மூன்றாவது தடவை. வெள்ளைக்காரன் காலத்தில் பாசன அலுவலுக்காகக் கட்டியது. வளைவு வளைவாக வராந்தா, எட்டிப் பார்க்க முடியாத உயரத்தில் ஜன்னல்கள், பின்பக்கம் ஆற்றுக்குள் இறங்கும் படிகள். முதல் தடவை போனபோது ரிக்கார்டு அறைக்காரர் லீவு. இரண்டாம் தடவை அவர் இருந்தார், சாவி இல்லை. "அடுத்த வாரம் வாங்கம்மா" என்றார். அடுத்த வாரம் கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றேன். அலைய வைத்தால் அலுத்துப் போவேன் என்று நினைப்பவர்களுக்கு என்னைத் தெரியாது.

எனக்கு வேண்டியது ஒரு வரைபடம். ஒரத்தநாட்டுப் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் நஞ்சை. அப்பாவுக்குப் பிறகு நான்தான் சாகுபடி செய்கிறேன். முன்பு அதற்குத் தனியாக வாய்க்கால் இருந்தது. மேலண்டை வயல்காரர் அதை உழுது தன் வயலோடு சேர்த்துக்கொண்டபோது அப்பா சண்டைக்குப் போகவில்லை. "அவரு வயல் வழியாவே தண்ணி வாங்கிக்கலாம், நமக்குள்ள என்ன" என்று விட்டுவிட்டார். எங்கள் பக்கம் பாதி வாய்க்கால்கள் இப்படி நல்ல பேச்சிலேயே காணாமல் போயின.

போன கோடையில் அந்த வயல் மனைக்கட்டாக மாறியது. செம்மண் கொட்டி மேடாக்கிக் கல் நட்டுவிட்டார்கள். தண்ணீர் வர வழியில்லை. மனை விற்கிறவர், "போர் போட்டுக்கங்கம்மா" என்று எனக்கு யோசனை சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்க்கால் அரசாங்கத்துடையது என்று ஒரு தாளில் காட்டிவிட்டால் அவர் மேட்டைத் தோண்டித்தான் ஆகவேண்டும். அடுத்தவர் போர்க் கிணற்றில் கெஞ்சித் தண்ணீர் வாங்கி சம்பாவுக்கு நாற்று விட்டிருந்தேன். அது முற்றுவதற்குள் தாள் கைக்கு வரவேண்டும்.

என்னை வண்டியில் கூட்டிவந்தவர், எங்களுக்குக் கீழண்டை வயலைக் குத்தகைக்குச் செய்கிறவர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். எங்கள் வயலைத் தாண்டித்தான் அவருக்குத் தண்ணீர் போகவேண்டும். ஒவ்வொரு வருஷமும் எங்கள் வரப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "அக்கா, ஒரு ரெண்டு மணி நேரம் மடைய தொறந்து விடுங்க" என்று கேட்பார். நானும் திறந்து விடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இந்த முறை சாவி இருந்தது. ரிக்கார்டு அறைக்காரர் துணியில் ஒட்டிய வரைபடத்தை மேஜையில் விரித்து, சுருண்டுகொள்ளாமலிருக்க மூலைகளில் தடித்த கட்டுகளை வைத்தார். நீலக் கோட்டில் அவர் விரல் மேற்கிலிருந்து நகர்ந்தது. மேலண்டை வயலின் ஓரமாக வந்து எங்கள் வயலைத் தொட்டது. "இருக்கு பாத்தீங்களா" என்று நான் மேஜையைத் தட்டினேன். துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

"முழுசா பாருங்கம்மா. இங்க முடியல" என்றார் அவர். விரல் நிற்கவில்லை. எங்கள் வயலின் வடக்கு ஓரம் முழுக்க ஓடி, கீழண்டை வயலில் போய் நின்றது. வடக்கு ஓரத்தில் இப்போது நிற்பது பன்னிரண்டு தென்னை. அப்பா வைத்தது.

அவர் நகல் எடுக்கப் போனார். நான் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தேன்.

"தம்பி, இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுங்க. நேரா தண்ணி வந்துச்சுன்னு எங்கப்பா சொல்லியிருக்காரு."

"இத்தன வருஷம் ஏன் சொல்லல?"

"சொன்னா, அப்பறம் மடைய யாரு தொறப்பா, அக்கா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. மேலண்டைக்காரரை நான் திட்டிய திட்டெல்லாம் எங்கள் வீட்டுக்கும் பொருந்தும். கீழண்டைக்காரருக்குச் சேரவேண்டிய தண்ணீரை அவருக்கே தானம் செய்துவிட்டு, இத்தனை வருஷம் நல்ல பெயரும் வாங்கியிருக்கிறேன்.

எழுதிக் கொண்டுபோயிருந்த மனுவைக் கிழித்தேன். பின்பக்கப் படியில் உட்கார்ந்து, கீழே ஆறு நிறைந்து போய்க்கொண்டிருக்க, புதிதாக எழுதினேன். வாய்க்காலை மறித்திருப்பதில் எங்கள் வயலின் வடக்கு ஓரமும் சேரும், முதலில் அதை அளந்து எடுத்துவிட்டுப் பிறகு மேலண்டை மனைக்கு வரவும் என்று எழுதினேன். கூட வந்தவர் எட்டிப் படித்தார்.

"அக்கா, தென்ன நல்ல காய்ப்புல இருக்குங்க. ஓரமா ஒரு குழாய் பொதச்சிக்கலாம்."

"வெட்டிடலாம், தம்பி."

மனுவைக் கொடுத்து, முத்திரை குத்திய ரசீதை வாங்கும்வரை அங்கிருந்து நகரவில்லை. மரம் வெட்டுகிறவருக்கு அந்த வராந்தாவிலிருந்தே போன் செய்தேன். நாளைக் காலையில் வரச் சொன்னேன். யோசிக்க நேரம் கொடுத்தால் மனசு காய்களை எண்ண ஆரம்பித்துவிடும்.

ஊருக்குத் திரும்பியதும் அவர் வண்டியை என் வீட்டுக்கு விடவில்லை, வயலில் நிறுத்தினார். "எங்கேருந்து வெட்டணும்னு பாத்துருவோமா, அக்கா?" என்றார். செருப்பைக் கழற்றாமல் வரப்பில் ஏறி, எனக்கு முன்னால் நடந்தார்.