பெரியத்தானின் ஓர்கனும் என் குரலும்

அன்று வெள்ளிக்கிழமை. கோயிலுக்குக் கொண்டுபோக முற்றத்தில் நந்தியாவட்டை பறித்துக்கொண்டிருந்தேன். மகன் கண்ணன் ஆசுபத்திரியிலிருந்து தொலைபேசி எடுத்தான். "அம்மா, பெரியப்பா போயிட்டார்" என்றான். நெஞ்சு இறுக்குது என்று முதல்நாள் பின்னேரம் சொன்னவரை அவன்தான் கூட்டிப்போயிருந்தான். பூக்கூடையைக் கதிரையில் வைத்துவிட்டு நின்றேன். அழுகை வருவதற்கு முன்னமே எனக்கு வெட்கம் வந்தது. அது ஏன் என்பதை இந்த நினைவு மலரில் எழுதாமல் விட்டால், வேறு என்ன எழுதினாலும் அது முகத்துதியாகத்தான் இருக்கும்.

அமரர் தில்லையம்பலம் அவர்கள் என் கணவரின் தமையனார். நான் அவரைப் பெரியத்தான் என்றே அழைத்தேன். துறைமுகத்தில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று ஊரில் பலருக்கும் தெரியும். கலியாணம் செய்யாதவர் என்பதும், கடைசிவரை எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தார் என்பதும் தெரியும். அவர் ஓர் இசைக்கலைஞர் என்பது உங்களில் பாதிப் பேருக்காவது தெரியாது. அதற்கு நானும் ஒரு காரணம்.

நான் மணமகளாக இந்த வீட்டுக்கு வந்தபோது முன்னறையில் கட்டைகளை அழுத்தி வாசிக்கும் பெரிய மின்சார ஓர்கன் ஒன்று இருந்தது. திருகோணமலையை விட்டுப் போன ஓர் ஆங்கிலேயக் குடும்பத்திடமிருந்து வாங்கியதாம். பெரியத்தான் அப்போது வேலைக்குப் போவதில்லை. நாள் முழுவதும் அதன் முன்னால் இருப்பார். பின்னேரங்களில் அவருடைய கூட்டாளிகள் வருவார்கள். கிண்ணியாவிலிருந்து கிட்டார் வாசிக்கும் ஒரு முஸ்லிம் இளைஞர், கடற்படைத்தளத்துக்கு அருகில் பிறந்து வளர்ந்த பறங்கிச் சகோதரர்கள் இருவர். மேல்நாட்டு ரொக் இசை என்று சொல்வார்கள். அதிலும் இது வேறு வகையாம். பாட்டு கொஞ்சம், வாத்தியம் அதிகம். ஒரு பாட்டு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஓடும். நடுவில் தாளம் மாறும், வேகம் மாறும், முடிந்துவிட்டது என்று நாங்கள் மூச்சு விடும்போது திரும்பத் தொடங்கும். எட்டாம் வகுப்புடன் பள்ளியை விட்டு, பிறகு புராணமும் பதிகமும் நானாகவே படித்துப் பழகியவள் நான். எனக்கு அது இரைச்சலாகவே கேட்டது.

"பெரியத்தான், இது எப்ப முடியும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பிள்ளை, கப்பல் உள்துறைமுகத்துக்குள்ளை வந்து கட்டுற மட்டும் போகும்" என்றார். கூட்டாளிகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'உள்துறைமுகம்'. இசைத்தட்டுக்கும் அதே பெயர். மற்றப் பகுதிகளைக் கொழும்பில் பதிவு செய்தார்கள். ஓர்கனைப் புகையிரதத்தில் ஏற்ற ஏலாது என்பதால், ஓர்கன் தனியே வரும் நடுப்பகுதியை எங்கள் வீட்டு முன்னறையில் வைத்தே ஒலிநாடாவில் எடுத்தார். யாரிடமோ இரவல் வாங்கிய கருவி, ஒரேயொரு ஒலிவாங்கி. ஜன்னல் திறந்திருந்தது. ஜன்னலுக்கு நேரே குசினி. குசினியில் சமைத்தபடி நான்.

இசைத்தட்டு வெளிவந்து சத்தமில்லாமல் அடங்கிப்போனது. அதற்கு முன்னமே பெரியத்தான் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஓர்கனை விற்றார். கூட்டாளிகள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். பெரியத்தானுக்கு நல்ல புத்தி வரவேண்டும் என்று நான் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருந்தேன். அவர் முதன்முதல் வேலைக்குப் போன காலையில் சந்தோசமாகப் போய்த் தேங்காய் உடைத்தேன். திரும்பி வந்து அவருக்கு விபூதியும் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிப் பூசிக்கொண்டார்.

பிறகு வந்த யுத்த காலங்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, எல்லோரும் பட்டதுதான். நாங்கள் கிளிவெட்டியில் உறவினர் வீட்டுக்கு இடம்பெயர்ந்தபோது பெரியத்தான் ஒரு தகர பிஸ்கட் பேணியைக் கையில் வைத்திருந்தார். உள்ளே அந்த ஒலிநாடாக்கள். அவருடைய கல்விச் சான்றிதழ்கள் எல்லாம் அலுமாரியிலேயே கிடந்துபோயின.

"பெரியத்தான், உதுக்குள்ளை ரெண்டு கொத்து அரிசி கொண்டு வந்திருக்கலாம்" என்றேன்.

"அரிசி ஆரும் தருவினம் பிள்ளை. இதை ஆர் தாறது?"

அந்த வீட்டில் எங்கள் எல்லோருக்கும் அவர்தான் கிணற்றில் தண்ணீர் அள்ளினார். கண்ணனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். என் கணவர் காலமான பிறகு வீட்டுச் சுமையைப் பேசாமல் தூக்கியவரும் அவர்தான். மாதர் சங்கத்துக் கணக்கு என் பொறுப்பில் வந்தபோது, "பிள்ளையின்ரை கையிலை போனால் ஒரு பூவும் கணக்கிலை வராமல் வாடாது" என்று பகிடி பண்ணினார். அவர் வாசித்ததைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு நாளும் கதைத்ததில்லை. அவருக்குப் பெண் பேசி வந்தவர்களிடம்கூட, "அவர் இளமையிலை கொஞ்சம் பாட்டுக் கீட்டு எண்டு திரிஞ்சவர், இப்ப அதெல்லாம் இல்லை" என்று நான் சொல்லியிருக்கிறேன், நோய் சுகமானதைச் சொல்வதுபோல.

சென்ற ஆண்டு லண்டனிலிருந்து சுரேன் என்பவர் பேசினார். பழைய இசைத்தட்டுகளைத் தேடிப்பிடித்து, ஒலியைச் சுத்தம் செய்து மறுபடி வெளியிடும் சிறிய நிறுவனம் ஒன்றை நடத்துபவர். 'உள்துறைமுகம்' இப்போது பல நாடுகளில் தேடப்படும் இசைத்தட்டாம். மூல ஒலிநாடா இருக்கிறதா என்று கேட்டார். பெரியத்தான் பிஸ்கட் பேணியைத் திறந்தார். அன்று அவர் சவரம் செய்து வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு இருந்தார், தொலைபேசியில் கதைப்பதற்கு!

சில மாதங்களில், சுத்தம் செய்த ஒலியைச் சுரேன் கணினி வழியாக அனுப்பினார். கண்ணன் அதை வீட்டு மண்டபத்தில் பெரிய ஒலிபெருக்கியில் போட்டான். கோயிலில் என்னோடு பதிகம் பாடும் பரமேஸ்வரியும் அன்று வந்திருந்தாள். பழைய இசைத்தட்டில் அந்த நடுப்பகுதிக்கு அடியில் ஏதோ ஒரு முணுமுணுப்பு கிடந்தது. காற்று என்றே நினைத்திருந்தோம். இப்போது காற்று விலகியது. நான் பாடிக்கொண்டிருந்தேன். இருபது வயதுக் குரல். ஒரு பதிகத்தின் முதலடி, இரண்டாமடி.

"எணேய், இது உன்ரை குரலெல்லே!" என்று பரமேஸ் எழுந்துவிட்டாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு கணம்தான்.

மூன்றாம் அடிக்கு முன்னால் பாட்டு நின்றது. அதே குரல் சொன்னது: "தின்ன மட்டும் நேரத்துக்கு வருவார். தம்பி உழைக்க இவர் இருந்து வாசிக்கிறாராம். விடிஞ்சாப் பொழுதுபட்டா ஙொய் ஙொய் எண்டு. வெட்கம் கெட்ட சென்மம்."

நான் குசினிக்குள் ஓடிப்போய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். மிச்சத்தை நான் கேட்கவில்லை.

பரமேஸ் பின்னாலேயே வந்தாள். "உலகம் முழுக்கக் கேக்கப் போகுதடி. பதிகம் சொல்லிக் குடுக்கிற வாயோ இது எண்டு எங்கடை சனமும் கேக்கும்" என்றாள். பகிடிக்குத்தான் சொன்னாள். எனக்கு அது பகிடியாகப் படவில்லை.

அவள் போன பிறகு பெரியத்தானின் அறை வாசலில் நின்றேன். உள்ளே போக முகமில்லை.

"உங்களுக்கு அப்பவே தெரியுமோ?" என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை. கொழும்பிலை காதிலை மாட்டிக் கேட்டனான்."

"பிறகேன் விட்டனீங்கள்?"

"நீ ஏசேக்கையும் சுதி விலகேல்லை. பதிகத்துக்கு என்ன சுதியோ அதே சுதியிலைதான் ஏசினனீ. அப்பிடி ஒண்டை நான் எங்கை போய்த் தேடுறது?" என்று சிரித்தார். அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "அதை எடுத்துவிடச் சொல்லுங்கோ பெரியத்தான். எனக்குக் கோயிலிலை தலை காட்ட ஏலாது" என்றுதான் கேட்டேன்.

அவர் ஜன்னலுக்கு அப்பால் குசினியைப் பார்த்தார். "ஓம் பிள்ளை. எடுக்கச் சொல்லுறன்" என்றார். அன்றிரவு நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

அவர் காலமாகி, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் சுரேன் பேசினார். துக்கம் விசாரித்தார். பிறகு தயங்கித் தயங்கி, இசைத்தட்டு இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்றார். "ஐயா கடைசியாச் சொன்ன மாதிரியே செய்யிறதோ எண்டு குடும்பத்திட்டை ஒருக்காக் கேக்கத்தான் எடுத்தனான், அம்மா."

"என்ன சொன்னவர்?"

"நடுப்பகுதியை முழுசா வெட்டிவிடச் சொன்னவர்."

"ஏன் முழுசா? என்ரை குரலை மட்டும் எடுத்தால் காணுமே?"

"ரெண்டும் ஒரே மைக்கிலை ஏறினது அம்மா. இப்ப இருக்கிற முறைகளாலையும் பிரிச்சுப் பார்த்தம். உங்கடை குரலும் ஐயாவின்ரை ஓர்கனும் ஒரே சுதியிலை ஒட்டிக் கிடக்கு. ஒண்டை உரிச்சால் மற்றதும் கிழிஞ்சு வருது. அதை நான் ஐயாவுக்குச் சொன்னனான். அந்த இடம்தான் இந்த ரெக்கோட்டின்ரை உயிர் எண்டும் சொன்னனான்."

"அதுக்கு என்ன சொன்னவர்?"

"'ரெண்டையும் வெட்டிவிடுங்கோ தம்பி. வீட்டிலை பிள்ளைக்குச் சொல்லாதேயுங்கோ' எண்டவர்."

தொலைபேசியைக் கண்ணனிடம் கொடுத்துவிட்டுச் சுவாமி அறைக்குள் போய் இருந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதையும் கேட்டுக் கும்பிட வாய் வரவில்லை. ஒரு மனிதர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு இசைத்தட்டுச் செய்தார். நான் ஏசிய ஏச்சோடு வேலைக்குப் போனார், ஓர்கனை விற்றார். அதற்கு நான் தேங்காய் உடைத்தேன். அந்த இசைத்தட்டு திரும்பி வரும் நேரத்தில், கோயிலில் நாலு பேர் என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்பதற்காக, அதன் உயிரையே வெட்டச் சொல்லிவிட்டுப் போனார். இவ்வளவு காலமும் இந்த வீட்டில் பக்தி உள்ளவள் நான் என்று நினைத்திருந்தேன்.

கணக்கில் பிழை விட்டால் சுரண்டி அழிக்கக் கூடாது, குறுக்கே ஒரு கோடு போட்டு, பிழையும் தெரியும்படி விடவேண்டும் என்று மாதர் சங்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவள் நான். கண்ணனிடம் சுரேனுக்கு மறுபடி தொலைபேசி எடுக்கச் சொன்னேன்.

"தம்பி, ஒண்டும் வெட்ட வேண்டாம். பாட்டும் ஏச்சும் அப்பிடியே போகட்டும். ஆரின்ரை குரல் எண்டு என்ரை பேரையும் போடுங்கோ."

"வடிவா யோசிச்சோ சொல்லுறியள் அம்மா?"

"யோசிச்சது காணும்."

பரமேஸுக்கு இதை எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, "உனக்கென்ன விசரே? சனம் சிரிக்கும்" என்றாள்.

"ரெக்கோட்டிலை கேட்டுச் சிரிக்க முதல் இதிலை வாசிச்சிட்டுச் சிரிக்கட்டும்" என்றேன். அவள் சிரித்துவிட்டு அழுதாள்.

ஆகவே, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இதை வாசிப்பவர்களே, அந்த இசைத்தட்டில் ஒரு மனிதரை வெட்கம் கெட்ட சென்மம் என்று சொல்வது நான்தான். சொல்லப்பட்டவர் எங்கள் பெரியத்தான். அந்தச் சொல்லுக்குரியவர் யார் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நேற்றுக் காலை, கண்ணனைக் கூப்பிட்டு அந்தப் பகுதியைப் போடச் சொன்னேன். இம்முறை ஓடவில்லை. முன்னறையில் அவருடைய கட்டிலில் இருந்து கேட்டேன். பதிகம் வந்தது. ஏச்சு வந்தது. கடைசிச் சொல்லும் வந்தது. அதற்குப் பிறகு என்ன இருக்கிறதென்று எனக்கு அதுவரை தெரியாது. ஓர்கன் ஒரு மூச்சளவு நின்றது. கதிரை கிரீச்சிட்டது. ஒரு குமிழைத் திருகும் சின்னச் சத்தம் கேட்டது. கொழும்பில் அல்ல, அங்கேயே, அப்போதே அவர் கேட்டிருக்கிறார். பிறகு ஓர்கன் மறுபடி தொடங்கியது, முன்னையிலும் பாதி ஒலியில். அதற்கு மேல் நான் ஒன்றும் நடக்காததுபோல மூன்றாம் அடியைப் பாடுகிறேன். அவர் என் குரலுக்குக் கீழே, எனக்கு இடைஞ்சல் இல்லாமல், என் கூடவே வருகிறார்.

"சத்தம் காணாது, கூட்டிவிடு தம்பி" என்றேன். கண்ணன் கூட்டினான். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

பெரியத்தான், இனி ஆருக்காகவும் குறைக்காதேயுங்கோ. முழுச் சத்தத்தோடை போங்கோ.