ஸ்வெட்டருக்கு மேல் எடுத்த அளவு

எனக்குக் கோபம் வந்தால் தைப்பேன். சிலர் பாத்திரத்தை உருட்டுவார்கள், சிலர் இரண்டு நாள் பேசாமல் இருப்பார்கள். நான் மெஷினில் போய் உட்கார்ந்துவிடுவேன். அப்படிக் கோபத்தில் தைத்தவற்றிலேயே பெரியது ஓர் இளவரசி கவுன். வான நீல நிறம், இடுப்பிலிருந்து தரைவரை குடைபோல் விரிந்து நிற்கும். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீட்டு வாசலில் அது நேராக நுழையாது.

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் பேக்கிங் பிரிவில் எனக்கு வேலை. கணவர் இலை ஏற்றுகிற பிக்கப் ஓட்டுகிறார். ஒரே மகள், அப்போது நான்காம் வகுப்பு. அந்த வருடம் பள்ளி ஆண்டு விழாவில் ஓர் இளவரசி நாடகம் போட்டார்கள். அரண்மனை விருந்தில் இளவரசி தனியாக ஆடுகிற ஆட்டம் ஒன்று அதில் உண்டு. அந்த ஆட்டத்துக்காகத்தான் நாடகமே. நன்றாக ஆடுகிறாள் என்று என் மகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். செய்தியோடு ஓடி வந்தவள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு சமையலறையில் சுற்றினாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இருவருமே பார்க்கவில்லை.

மறுநாள் அவளுடைய வகுப்பு மிஸ் போன் செய்தார்.

"பாப்பாவுக்குப் பெரிய கவுன் வேணுங்க. வாடகைக்கு அந்தச் சைஸ்ல கிடைக்கறதில்லீங்க. க்ளாஸ்ல இன்னொரு பாப்பாவுக்கு அவங்க மாமா வெளிநாட்டுல இருந்து ஒண்ணு அனுப்பியிருக்காராம். உங்களால முடியலீன்னா சொல்லிடுங்க, ஒண்ணும் பிரச்சினையில்லீங்க. அந்தப் பாப்பாவ இளவரசியாப் போட்டுட்டு, உங்க பாப்பாவ மரமா நிறுத்திக்கலாம்."

மிஸ் நல்லவர்தான். அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. ஆனாலும் மரம் என்ற சொல் எனக்குள் எங்கோ போய்க் குத்தியது. அசையாமல் நிற்பது, பேசாமல் நிற்பது, பின்னால் நிற்பது எல்லாம் எங்கள் வீட்டில் ஏற்கெனவே போதுமான அளவு செய்தாகிவிட்டது. என் பிள்ளையும் அதைச் செய்ய வேண்டாம் என்று தோன்றியது.

"நானே தெச்சுக் குடுத்தர்றனுங்க மிஸ்" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். அதுவரை நான் கவுன் தைத்ததே இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட், பாவாடை, நைட்டி, மகளுக்கு யூனிஃபார்ம், அவ்வளவுதான். கணவரிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"நீ ஜாக்கெட்டு தெக்கிறவ. கவுனுக்கு என்ன பண்ணுவ?"

"ஏனுங்க, ஜாக்கெட்டையும் பாவாடையையும் ஒட்டுப்போட்டா அதுதானுங்க கவுனு."

"அப்ப செரி" என்று மறுபடி தட்டைப் பார்த்தார். அவருக்கு என் பிடிவாதம் தெரியும். அதோடு மோதி ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

இங்கே என் தொழில்முறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வினை அங்கேதான் ஆரம்பித்தது. நான் யார் உடம்பிலும் டேப் வைத்து அளவெடுத்ததில்லை. ஜாக்கெட் தைக்கத் துணி கொடுக்கிறவர்கள் கூடவே ஓர் அளவு ஜாக்கெட் கொடுப்பார்கள். அதை விரித்துவைத்து அளந்து வெட்டுவேன். யூனிஃபார்மும் அப்படியே, போன வருடத்துச் சட்டையை வைத்து ஓரங்குலம் கூட்டி வெட்டிவிடுவேன். கவுன் தைக்க அளவு கவுனுக்கு எங்கே போவது? சாயங்காலம் பள்ளி விட்டு வந்தவளை அப்படியே நிற்க வைத்து, டேப்பைச் சுற்றி, அளவுகளைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். அவள் மேல் ஸ்வெட்டர் இருந்தது. எங்கள் மலையில் பிள்ளைகள் மேல் எப்போதும் ஸ்வெட்டர் இருக்கும். அம்மாக்கள் பகலெல்லாம் சொல்கிற வார்த்தையே "ஸ்வெட்டரப் போடு" என்பதுதான். அது எனக்கு உடுப்பாகவே தெரியவில்லை, தோல் மாதிரி ஆகிவிட்டது.

கோயம்புத்தூர் போய் சாட்டினும் வலைத்துணியும் வாங்கி வந்தேன். சாட்டின் தைப்பது வாழைத்தண்டைப் பிடிப்பது போல. இந்தப் பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கம் வழுக்கும். வெட்டிய ஓரமெல்லாம் நூல்நூலாகப் பிரியும். முதல் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரே தையலைப் போடுவதும் பிரிப்பதுமாகப் போனது. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். அடியில் பழைய செய்தித்தாளை வைத்து, துணியையும் தாளையும் சேர்த்துத் தைத்தேன். தைத்து முடித்ததும் தாளைக் கிழித்து எடுத்துவிடலாம். துணி சொன்னபடி கேட்டது. ஓரங்களை மெழுகுவத்திச் சுடரில் லேசாகக் காட்டி இளக்கி ஒட்டவைத்தேன். வீடு முழுக்க ஒரு வாரம் கருகல் வாசனை அடித்தது.

அடுத்தது பாவாடை விரிந்து நிற்க வேண்டும். கதை கேட்டவர்களெல்லாம் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். உள்ளே வைக்கும் வலைத்துணிக்குக் கெட்டியாகக் கஞ்சி போட்டால் நிற்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். போட்டேன். அன்றைக்கு இறங்கிய மூடுபனி நான்கு நாள் ஏறவே இல்லை. கொடியில் கிடந்த துணி காயவும் இல்லை, விறைக்கவும் இல்லை. ஐந்தாம் நாள் புளித்த வாடையோடு தொங்கியது. அலசிப் பிழிந்து போட்டுவிட்டு, வாய்விட்டுத் திட்டினேன். யாரைத் திட்டினேன் என்று தெரியவில்லை, பனியைத்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

விடை என் வேலையிடத்திலேயே கிடந்தது. தேயிலைப் பெட்டிகளைச் சுற்றி இறுக்குகிற வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை. வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும். பல வருடமாக என் கையில் புழங்குகிற பொருள், ஒரு நாளும் அதை இப்படிப் பார்த்ததில்லை. சூப்பர்வைசரிடம் கேட்டு, வெட்டி எறிந்த துண்டுகளில் நீளமானவற்றைப் பொறுக்கி வந்தேன். உள்பாவாடையில் மூன்று வரிசை நாடாக்குழல் தைத்து, இடுப்புக்குக் கீழே சின்ன வளையம், நடுவில் ஒன்று, தரையோரம் பெரியது என்று பட்டையைச் செருகினேன். மேலே வலைத்துணி, அதற்கும் மேலே எட்டுத் துண்டு சாட்டின். தூக்கி நிறுத்தினால் ஆள் இல்லாமலே நின்றது. மகள் கைதட்டினாள். கணவர் வெளியே எடுத்துப் போய்ப் பார்க்கலாம் என்று தூக்கினார், வாசலில் மாட்டிக்கொண்டது.

"புள்ளைக்குத் தெச்சியா, ஊட்டுக்கே தெச்சியா?" என்று கேட்டார். சாய்த்துப் பிடித்து, ஒரு பக்கத்தை அமுக்கி, ஒருவழியாக வெளியே கொண்டுவந்தோம். அன்று லைன் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மேல்பகுதியைப் போட்டுப் பார்த்தது கடைசி வாரத்தில். "குளிருதும்மா" என்றாள். அதனால் ஸ்வெட்டர் மேலேயே போட்டுவிட்டேன். தோளிலும் இடுப்பிலும் கச்சிதமாக உட்கார்ந்தது. பஃப் கைக்குக் கீழே ஸ்வெட்டர் கை நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து இருவரும் சிரித்தோம். சிரித்தேனே தவிர, யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒத்திகை. சனிக்கிழமை விழா. லீவு சொல்லிவிட்டு, பிக்கப்பின் முன்சீட்டில் மகளையும் மடியில் கவுனையும் வைத்துக்கொண்டு போனேன். பள்ளி ஹாலில் மற்ற பிள்ளைகள் வேஷத்தோடு காத்திருந்தார்கள். அந்த வெளிநாட்டுக் கவுனும் வந்திருந்தது, பளபளப்பான கவருக்குள், அதன் சொந்தக்காரப் பாப்பாவின் கையில். பாவம் அந்தக் குழந்தை, அதற்கும் ஆசை இருக்காதா? ஆனால் அன்று எனக்கு அந்தக் கவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மகள் பள்ளி உடையைக் கழற்றிவிட்டுக் கவுனைப் போட்டுக்கொண்டு மேடை ஏறினாள். ஹாலில் ஒரு "ஹை!" எழுந்தது. பாட்டு தொடங்கியது. முதல் சுற்றிலேயே இடது தோள் நழுவியது. அவள் கையைத் தூக்கினாள், வலது தோளும் நழுவியது. பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் அவள் கையைத் தூக்கவே இல்லை. இரண்டு கையாலும் மார்போடு கவுனைப் பிடித்துக்கொண்டு, கால்களை மட்டும் சரியாக வைத்து, அந்த ஆட்டத்தை முடித்தாள். தலை குனிந்தபடியே இறங்கி வந்தாள்.

நான் அவளுடைய ஸ்வெட்டரை என் கையில் வைத்திருந்தேன். அதன் கனத்தை அப்போதுதான் உணர்ந்தேன். எல்லாம் புரிந்துவிட்டது.

மிஸ் என்னைத் தனியாக அழைத்தார். "நாளைக்குக் காலையில ப்ரோக்ராமுங்க. மேடையில இப்படி ஆச்சுன்னா பாப்பாவுக்குத்தானுங்க அவமானம். அந்தப் பாப்பாவையே போட்டுடலாங்களா?"

"சாப்பாட்டு மணி வரைக்கும் டைம் குடுங்க மிஸ். அப்பவும் சரியில்லீன்னா நானே மரத்தோட தழையத் தெச்சுக் குடுத்தர்றேன்."

மிஸ் என்னைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "மூணாம் க்ளாஸ் ரூம் காலியா இருக்குதுங்க" என்றார்.

கதவைச் சாத்திவிட்டுக் கவுனைக் கழற்றச் சொன்னேன். ஷிம்மியோடு என் முன்னால் நின்றாள். டேப்பை எடுத்து மார்பைச் சுற்றினேன். நான் காலண்டர் தாளில் எழுதியதைவிட நான்கு அங்குலம் குறைவு. டேப்பைப் பிடித்தபடியே அவளைப் பார்த்தேன். விலா எலும்பை எண்ணிவிடலாம் போல இருந்தது. தோள்பட்டைக்குக் கீழே ஒரு மச்சம். கைக்குழந்தையாக எண்ணெய் தேய்த்துவிட்டபோது பார்த்த மச்சம், அப்புறம் பார்த்ததாக நினைவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து தானே குளித்துக்கொள்கிறாள். வெளியே வரும்போதே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வருவாள், நான் சொல்லித்தான். என் பெண் இவ்வளவுதானா? இவ்வளவு சின்ன உடம்பா என் வீட்டில் இத்தனை ஆட்டம் போடுகிறது? எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று வாரம் அவளுக்காகத் தைப்பதாக நினைத்துக்கொண்டு, ஒரு ஸ்வெட்டருக்குத் தைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"ம்மா, நான் மரமாவே இருந்துக்கறேன். மரத்துக்கு ஸ்வெட்டர் போட்டுக்கலாம்" என்றாள். பற்கள் லேசாக அடித்துக்கொண்டன.

அந்த ஒரு பேச்சில் என் அழுகை நின்றது. "வாயை மூடிட்டுக் கையைத் தூக்கு சாமி."

மெஷின் இல்லை. ஊசி, நூல், கத்தரிக்கோல், ஒரு பிளேடு. இரண்டு பக்கத் தையலையும் அக்குளிலிருந்து இடுப்புவரை பிரித்தேன். இடுப்புத் தையலையும் பக்கத்துக்கு ஒரு சாண் பிரித்துப் பாவாடைச் சுருக்கத்தை நெருக்கினேன். உடம்பின் மேலேயே வைத்து ஊசி குத்திப் பிடித்து, கழற்றி, இரட்டை நூலில் பின்னால் போய் முன்னால் வந்து நெருக்கமாகத் தைத்தேன். ஒவ்வொரு தோளையும் ஓரங்குலம் சுருக்கினேன். நடுநடுவே அவளைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். தைக்கிற நேரத்தில் அவள் என் சால்வையைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஸ்வெட்டரைக் கேட்டாள். தரமாட்டேன் என்றேன். அதைப் போட்டால் எனக்கு மறுபடியும் கண் தெரியாமல் போய்விடும் என்று பயம். விரலில் இரண்டு இடத்தில் ஊசி ஏறியது. நீலத்தில் ரத்தம் படாமல் விரலை வாயில் வைத்துக்கொண்டேன்.

மணி அடிப்பதற்குள் முடியவில்லை. அடித்து முடித்தபோது முடிந்தது. மிஸ் உள்ளே வந்தார். கையைத் தூக்கு என்றேன், தூக்கினாள். சுற்று என்றேன். பெஞ்சுகளுக்கு நடுவில் வளையம் இடிக்க இடிக்கச் சுற்றினாள். குதி என்றேன், குதித்தாள். கவுன் அவளோடு எழும்பி அவளோடு இறங்கியது, தோள் இம்மியும் நகரவில்லை. மிஸ் உள்தையலைத் திருப்பிப் பார்த்தார், விரலால் இழுத்துப் பார்த்தார்.

"நாளைக்கு ஒன்பதரைக்கே வந்துருங்க" என்றார்.

சனிக்கிழமை அவள் ஆடினாள். எப்படி ஆடினாள் என்று பெற்றவள் சொல்லக் கூடாது. இரண்டு கையும் தலைக்கு மேல் போன நேரங்களில் எல்லாம் நான் அவள் தோளை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் போனில் வீடியோ எடுத்தார், பாதிக்கு மேல் முன்னால் உட்கார்ந்திருந்தவரின் குல்லாதான் தெரிகிறது. கைதட்டல் முடிந்த பிறகும் அவள் மேடையில் ஒரு கணம் கூடுதலாக நின்றாள். அப்போது அழுதேன், மறைக்கவும் இல்லை.

வெளியே வந்தபோது மைதானம் முழுக்கப் பனி. அவள் கைகளில் ரோமம் குத்திட்டு நின்றது. போட்டோ எடுக்க வந்தவர்கள் நடுவில், பாவாடையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து நின்றாள்.

"குளிருதுங்க, ஸ்வெட்டரப் போட்டு விடுங்க" என்றார் மிஸ்.

"ஸ்வெட்டர் எங்க?" என்றார் கணவர்.

"பையில இருக்குதுங்க" என்றேன். அன்று மட்டும் நான் அதை எடுக்கவில்லை.