மூன்றாவது வரிசை, நடைவழி ஓரம்

புது டிராம் வண்டி எனக்குப் பார்த்தவுடனே பிடிக்கவில்லை. அதில் குறை இருந்தது என்பதல்ல காரணம், குறையே தெரியவில்லை. நாம் கேட்காமலே ஒருவன் வசதி செய்து கொடுத்தால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று நினைக்கிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான், கடைக்காரன் சிரித்தால் தராசைப் பார்ப்பேன்.

பழைய வண்டியில் நீளவாக்கில் இரண்டு பெஞ்சுகள் எதிரும் புதிருமாக இருக்கும். முழங்காலோடு முழங்கால் இடிக்கும். பக்கவாட்டில் சுவர் கிடையாது. மழை வந்தால் கித்தான் படுதாவை இறக்கிவிடுவார்கள். அதன் கிழிசல் வழியாக மழை நம் மடியிலேயே விழும். அசௌகரியம்தான், ஆனால் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பது வண்டியில் எல்லோருக்கும் தெரியும். லஸ்ஸிலிருந்து ராயப்பேட்டை வழியாக மவுண்ட் ரோட்டுக்குப் போகிற தடத்தில் அந்த வருஷம் விட்ட புது வண்டிகளில் எல்லாம் மாறியிருந்தது. எல்லோரும் முன்பக்கம் பார்த்து உட்காரும் குறுக்கு பெஞ்சுகள், நடுவில் நடைவழி. முன்னால் இரண்டு பெஞ்சு பெண்களுக்கு மட்டும். அவர்கள் ஏற முன்பக்கம் தனி வாசல், புடவை தடுக்காதபடி தாழ்வான படி. அவர்களுக்குப் பின்னால், உட்கார்ந்திருப்பவர்களின் தலை உயரத்துக்குப் பனி படிந்த மாதிரியான கண்ணாடித் தட்டி. அவர்கள் பெஞ்சின் ஓரத்தில், அழுத்தினால் மணியடிக்கும் ஒரு பித்தளைக் குமிழ். டிரைவரின் தலைக்கு மேலே சாய்வாக ஒரு வட்டக் கண்ணாடி. பின்படியில் யாராவது தொங்குகிறார்களா என்று அவன் திரும்பாமலே பார்த்துக்கொள்வதற்காம்.

இந்த வண்டியில்தான் என் தங்கை போய்வர வேண்டியிருந்தது. அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்யாணமாகி ஒரே வருஷத்தில் அவள் புருஷன் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டான். வாசல் ஜன்னலண்டை நிற்கிறாள் என்பது அவன் சொன்ன காரணம். யாரைப் பார்க்க நின்றாள் என்று கேட்டதற்கும், நின்றாள், அவ்வளவுதான் என்றான். நானே போய் அவளை அழைத்து வந்தேன். வழியெல்லாம் அவனைத் திட்டித் தீர்த்தேன். மவுண்ட் ரோட்டுக்கு அப்பால் இருந்த ஒரு பெண்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்தது. இரண்டு வருஷம் படித்தால் வாத்தியார் வேலை. இல்லாவிட்டால் ஆயுசு முழுக்க எங்கள் வீட்டுச் சமையலறைதான்.

முடிவு அப்பா கையில் இருந்தது. அவர் கோர்ட்டில் சாட்சிகள் சொல்வதை எழுதி எழுதி, உலகத்தில் ஒருவரையும் நம்பாமல் ரிடையர் ஆனவர். "முதல் ஒரு வாரம் போகட்டும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ வண்டியைப் பார்த்து வை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்பேன். சரியில்லேன்னு நீ சொன்னா, அதோட நிறுத்திடலாம்" என்றார்.

தங்கை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அண்ணா, வண்டியை எப்போ வேணும்னாலும் பாரு. நான் போற வண்டியில மட்டும் வராதே. நீ பின்னாடி உட்காந்துண்டு வந்தா, நான் போறதாவே எனக்குத் தோணாது" என்றாள். வரமாட்டேன் என்று சொன்னேன்.

திங்கட்கிழமை காலை அதே வண்டியில் பின்வாசல் வழியாக ஏறினேன். ஆபீசுக்குக் கண்வலி என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

என் உத்தியோகத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்தது புரியாது. மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்துப் புதிதாக மனை பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. நான் அங்கே வீட்டுப் பிளான்கள் வரைகிற டிராப்ட்ஸ்மன். எந்தப் பிளானை எடுத்தாலும் யார் வீட்டு ஜன்னலிலிருந்து யார் வீட்டு முற்றம் தெரியும் என்பதுதான் என் கண்ணில் முதலில் படும். எத்தனையோ ஜன்னல்களை இடம் மாற்றி வைத்திருக்கிறேன். அதே கண்ணோடு டிராமில் உட்கார்ந்தேன். சட்டைப் பையில் நோட்டுப் புத்தகம், பென்சில், அங்குல டேப்.

முதல் நாளே வண்டியின் தரைப் படத்தை வரைந்துவிட்டேன். பெஞ்சுக்குப் பெஞ்சு எத்தனை அங்குலம், தட்டி எவ்வளவு உயரம், எல்லாம் குறித்தேன். ஒவ்வொரு ஆண் இருக்கையிலிருந்தும் பெண்கள் பெஞ்சுக்கு ஒரு கோடு இழுத்தேன். தட்டி நன்றாகவே மறைத்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பிடித்துவிட்டேன். அந்த வட்டக் கண்ணாடி! தட்டிக்கு மேலாக அதைப் பார்த்தால், ஒரே ஒரு இருக்கையிலிருந்து மட்டும் முதல் பெஞ்சில் இருக்கும் பெண்களின் முகம் அப்படியே தெரிந்தது. மூன்றாவது வரிசை, நடைவழி ஓரம். என் தங்கை, அவளோடு படிக்கும் இரண்டு பெண்கள், ஓரத்தில் கையில் பையோடு ஒரு பருத்த அம்மாள், நாலு பேரும் தெரிந்தார்கள். இதற்காகத்தான் இத்தனை அழகாக வண்டியைக் கட்டியிருக்கிறார்கள் என்று உள்ளுக்குள் கொதித்தேன்.

அந்த இடத்தில் எவனாவது வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது? யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். நானே உட்கார்ந்துகொண்டேன். புதன்கிழமை, வியாழக்கிழமை, இரண்டு நாளும் லஸ்ஸில் முண்டியடித்து ஏறி அந்த இடத்தைப் பிடித்தேன். சுற்றி இருந்தவர்கள் மீதும் ஒரு கண் வைத்தேன். அடிக்கடி இருமுகிற குமாஸ்தா எதற்கு இருமுகிறான்? கைப்பிடி வாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பையன், காலி இடம் இருந்தும் ஏன் உட்காரவில்லை? எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். நடுநடுவே தலையைத் தூக்கி, கண்ணாடியில் தங்கை பத்திரமாக இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டேன்.

கண்ணாடியில் எனக்கு அவர்கள் தெரிந்தால் அவர்களுக்கு நானும் தெரிவேன். என் படத்தில் அந்தக் கோடு மட்டும் இல்லை.

வெள்ளிக்கிழமையும் அதே இடம்தான். ராயப்பேட்டை ஹை ரோட்டில் வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது பெண்கள் பக்கத்து மணி விடாமல் அடித்தது. டிரைவர் வண்டியை நிறுத்தினான். கண்டக்டர் ஓடினான். அந்தப் பருத்த அம்மாள் எழுந்து நின்றாள். ஏதோ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சியாக இருப்பவள் என்று பிறகு தெரிந்தது.

"தோ, மூணாவது சீட்டு ஆளு. ரெண்டு மூணு நாளா பாத்துகினு கீறேன். கண்ணாடியிலயே கண்ணை நட்டு வெச்சிகினு இன்னாமோ எழுதறான். வயசுப் பொண்ணுங்க வர்ற எடம் இது. இன்னா எழுதறான்னு கேளு."

கண்டக்டர் என்னிடம் வந்து கையை நீட்டினான். "சாமி, அந்த புக்கைக் கொஞ்சம் குடு."

கொடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் என் வேலை யோக்கியமான வேலை என்ற கர்வம் எனக்கு. கொடுத்தேன். அவன் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தான். வண்டியின் படம், எல்லாப் பக்கத்திலிருந்தும் பெண்கள் பெஞ்சை நோக்கி ஓடும் கோடுகள், முதல் பெஞ்சில் பென்சிலால் நாலு புள்ளிகள்.

"இன்னா சாமி இது? லேடீஸ் சீட்டுக்குக் கோடு கோடா இஸ்து வெச்சிகீற?"

வண்டியே திரும்பிப் பார்த்தது. இருமுகிற குமாஸ்தா இருமலை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். "தப்பா நினைக்காதேப்பா. என் தங்கை இந்த வண்டியிலதான் வரா. அதோ, முதல் பெஞ்சில இருக்காளே, அவதான். அவளையே கேட்டுப் பாரு" என்றேன்.

கண்டக்டர் முன்னால் போனான். "ஏம்மா, உங்க அண்ணாத்தையா இவுரு?"

தோழிகள் இருவரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் எழுந்து, தட்டிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். பிறகு கண்டக்டரிடம் சொன்னாள்.

"இவர் யாருன்னு எனக்குத் தெரியாது."

"எறங்கு சாமி, டேசனுக்குப் போவாம எறங்கிடு" என்றான் கண்டக்டர். இறங்கினேன். நோட்டுப் புத்தகம் அவனிடமே இருந்தது. வண்டி போய்விட்டது.

அங்கிருந்து வீட்டுக்கு நடந்தேன். கூடப் பிறந்தவள், நடுத்தெருவில் என்னை அந்நியன் என்று சொல்லிவிட்டாள். யாருக்காக ஆபீசுக்குப் பொய் சொன்னேன்? இன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் அப்பா கேட்பார். வண்டி சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தோடு அவள் படிப்பு முடிந்தது. சொல்லத்தான் போகிறேன் என்று தீர்மானம் செய்துகொண்டேதான் லஸ் முனையைத் தாண்டினேன்.

அவள் வழக்கமான நேரத்துக்கு வந்தாள். விரல்களில் சாக்குக் கட்டி வெள்ளை ஒட்டியிருந்தது. கால் அலம்பிக்கொண்டு உள்ளே போனாள். கூடத்தில் அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். நான் தூணோரம் உட்கார்ந்திருந்தேன். அவள் இருவருக்கும் காபி கொண்டுவந்தாள். என் முன்னால் டம்ளரை வைத்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. இவன் என்ன சொல்லப்போகிறான் என்று காத்திருக்கிற பார்வை அது. அந்தப் பார்வையை நான் அதற்கு முன் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன், அவளை அழைத்துவரப் போன அன்று. அன்று அவள் அப்படிப் பார்த்தது அவள் புருஷனை.

அவனை எத்தனை திட்டியிருக்கிறேன்! அவன் ஜன்னலைப் பார்த்தான், நான் கண்ணாடியைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அதைத் தவிர வித்தியாசம் எதுவும் எனக்கு அகப்படவில்லை.

அப்பா காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏண்டா, பார்த்தியா? அந்த வண்டியில சந்தேகப்படும்படியா யாராவது உண்டா?"

"ஒருத்தன் இருந்தான்" என்றேன்.

சமையலறை வாசலில் அவள் அப்படியே நின்றாள்.

"எத்தனை நாளா வந்துண்டிருந்தானாம்?"

"அஞ்சு நாளா. பொம்மனாட்டிகளே கண்டுபிடிச்சு, மணியடிச்சு, நடுவழியில இறக்கி விட்டுட்டா. இனிமே அவன் அந்த வண்டியில ஏறமாட்டான்."

அப்பா என்னையே பார்த்தார். எத்தனையோ சாட்சிகளைப் பார்த்த கண். பிறகு அவள் பக்கம் திரும்பி, "திங்கட்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டார்.